இல்லாத சாமிகளின் கதைக்கு ஒரு ஞாயிறு கொடுங்கள்: கொங்கு நாட்டு வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டு நூலகங்களில் வாசகர் வட்டம் நடத்தி வரும் பெரியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அங்கே வந்து உட்காரும் அன்பர்களுக்கும் வணக்கங்க.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மிகுபுனைவு, அதாவது ஃபேண்டஸி நாவல்கள் எழுதுகிறேன். என் கதை நடக்கும் நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. அந்த நாட்டு மக்கள் கும்பிடும் தெய்வங்கள் எந்தக் கோயிலிலும் கிடையாது. அவர்களுடைய ஐந்து மதங்களையும் நான்தான் உண்டாக்கினேன். விரதம், நோம்பி என்கிற திருவிழா, சாவுச் சடங்கு, பங்காளிச் சண்டை எல்லாமே கற்பனை. இந்த மாதிரிக் கதைக்குத் தமிழில் வாசகர் இல்லை என்று பதிப்பாளர்கள் சொல்கிறார்கள். இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவும் நம் பக்கத்தில்தான் நிறைய இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களால்தான் முடியும். வருடத்தில் ஒரு மாதக் கூட்டத்தையாவது இந்த வகை எழுத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எனக்காக மட்டும் கேட்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்த்துக்கொண்டே ஒரு பாலைவன நாட்டின் புராணத்தை எழுதி வைத்திருக்கும் பெண் ஒருவர் இருக்கிறார். கோவையில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன், எறும்புகளைத் தெய்வத்தூதர்களாக நினைக்கும் ஒரு மலைச்சாதியைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறான். இவர்களுக்கு எழுதத் தெரிகிறது. எழுதியதை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வாசகர் இங்கேதான் இருக்கிறார்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம்மைச் சுற்றி நடப்பதைப் பாருங்கள்.

காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலைக்குப் போனவர்கள் உத்தரவுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறான். அவர் மலைக்கு வந்து சொல்ல, சாமியிடம் பூ வைத்துக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். வேறொருவர் கனவில் வேறொரு பொருள் வரும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும். ஒரு சமயம் தண்ணீர், ஒரு சமயம் மண். பெட்டியில் எது இருக்கிறதோ அதைச் சார்ந்து நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. கனவு காண்பவர் அர்ச்சகராகவோ பெரிய மனிதராகவோ இருக்க வேண்டியதில்லை, யார் கனவில் வேண்டுமானாலும் வரலாம் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். ஒரு கற்பனை நாட்டுக்காக இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்துப் பிடிக்க ஒரு நாவலாசிரியருக்கு வருடங்கள் ஆகும். நமக்கு அது காலைப் பேப்பரில் வரும் செய்தி.

ஆனைமலை மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். பொருள் களவு போனவர்களும், ஏமாற்றப்பட்டவர்களும் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருகிறார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைந்து களைத்துப் போனவர்களின் வழக்கைப் படுத்திருக்கும் ஒரு தெய்வம் கேட்கிறது. ஈரோட்டிலும் கரூரிலும் மாரியம்மன் நோம்பி சாட்டினால் முக்கிளையாகப் பிரிந்த ஒரு மரம் கம்பமாக வந்து நிற்கும். அதுதான் அம்மனுக்குப் புருஷன் என்பார்கள். அத்தனை நாளும் பெண்கள் விடியற்காலையிலேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். நோம்பி முடிந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் வேறு மரம். வருடா வருடம் கல்யாணம் ஆகி வருடா வருடம் தனியாகும் ஒரு தெய்வத்தைப் பற்றி நாம் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடிய ஊர்கள் இவை. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, நடக்கப்போவதை முன்பே அறியும் தங்காள், தவமிருக்கும் தாய் தாமரை, கடைசியில் செத்துக் கிடக்கும் அண்ணன்மாரை எழுப்பிப் பேசும் தங்கை. அண்ணன்மார் விழுந்த போரைச் சடங்காக நடத்தும் படுகளத்தில் ஆட்கள் நிஜமாகவே செத்தவர்களைப் போல விழுந்து கிடப்பதையும், பிறகு எழுப்பப்படுவதையும் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965இல் இந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். கடல் தாண்டி வந்த ஒருவருக்கு அது ஆயுள் முழுக்கச் செய்யும் வேலையாக ஆகிவிட்டது. இந்தக் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு மிகுபுனைவு புரியாது என்று யாராவது சொன்னால் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

இவை மட்டுமா? விஜயமங்கலத்தில் சமணக் கோயில் நிற்கிறது. கருமத்தம்பட்டியில் ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள். கோவை கோட்டைமேட்டில் பள்ளிவாசல் தெருவும் கோயில் தெருவும் கூப்பிடு தூரம். திருச்செங்கோட்டு மலை மேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஒரு தெய்வம் நிற்கிறது. இவ்வளவுக்கும் நடுவில், சாமியே இல்லை என்று சொன்ன பெரியார் பிறந்தது ஈரோட்டில். அவருடைய குடி அரசு வார ஏடு 1925இல் தொடங்கியதும் அங்கேதான். நம்புகிறவர், நம்பாதவர், பாதி நம்புகிறவர், நம்பாவிட்டாலும் குலதெய்வத்துக்கு மட்டும் கிடா வெட்டுகிறவர் எல்லோரும் ஒரே டவுன் பஸ்ஸில் போகிறோம். பல மதங்கள் உள்ள ஒரு கற்பனை உலகத்தைப் படிக்க இதைவிட வேறு பயிற்சி தேவையா?

இனி என் நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எதைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த நாட்டில் ஒரு கூட்டத்தார் கிணற்றைக் கும்பிடுகிறார்கள். தெய்வம் தண்ணீரில் இருக்கிறது, தண்ணீர் இறங்கினால் தெய்வமும் இறங்குகிறது என்பது அவர்கள் கொள்கை. ஒருவர் செத்தால் அவர் பெயரை ஒரு பனையோலையில் எழுதிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். ஊரில் மழை பொய்த்துத் தண்ணீர் கீழே போகிறது. அப்போது அவர்களுக்குள் ஒரு பிளவு. இன்னும் ஆழமாகத் தோண்டிப் போவதுதான் பக்தி, தெய்வம் நம்மைத் தேடி வரச் சொல்கிறது என்கிறது ஒரு தரப்பு. இறங்கிப் போன தெய்வத்தை விரட்டுவது பாவம், அது திரும்பி வரும் வரை காத்திருப்பதுதான் முறை என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே வேதத்தைத்தான் ஓதுகின்றன. அண்ணன் தோண்டுகிறான், தம்பி காத்திருக்கிறான். தோண்டுகிறவர்கள் ஒரு நாள் மண்ணோடு பழைய ஓலைகளையும் சேர்த்து மேலே கொண்டு வருகிறார்கள். செத்தவர்களின் பெயர்கள் வெளியே வந்துவிட்டன. இப்போது அவற்றை என்ன செய்வது? அவர்களுடைய சாத்திரத்தில் இதற்குப் பதில் இல்லை. நாவலின் நடுப்பகுதி முழுக்க அந்தக் கேள்விதான். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புகை மட்டுமே வந்த காட்டைப் பார்த்த பல்லடத்துக்காரருக்கோ அவிநாசிக்காரருக்கோ இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டத்தாரின் தெய்வம் இனிமேல்தான் பிறக்கப் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் வெறும் தொட்டில் ஒன்று கட்டி வைத்திருப்பார்கள். எந்த வீட்டில் பிறக்கும் என்று தெரியாததால் எந்தக் குழந்தையையும் அடிக்க மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அந்த மதத்தில் என்ன இடம்? அவள் வீட்டுத் தொட்டிலைப் பார்க்க வருகிறவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்? கருணையான ஒரு கொள்கை எந்த இடத்தில் ஒருத்தியை நசுக்கத் தொடங்குகிறது என்பதைத்தான் நான் அங்கே எழுதப் பார்த்தேன். அப்புறம் ஒரு வியாபாரக் கூட்டம், தெய்வத்திடம் பட்ட கடனுக்கு வீட்டுக்கு வீடு பேரேடு வைத்திருப்பவர்கள். தெய்வத்துக்குப் பெயரே வைக்காத ஆடு மேய்ப்பவர்கள். நான்கையும் மறுத்துச் சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாதாடும் ஒரு கூட்டம். மறுப்பவர்களுக்கும் சடங்கு உண்டு. அவர்கள் மட்டும் அதைச் சடங்கு என்று ஒப்புக்கொள்வதில்லை.

இதைப் படித்ததும் வருகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். "இதுல யாரைச் சொல்றீங்க?"

இந்தக் கேள்வியைப் பதிப்பகத்தில் கேட்டிருக்கிறார்கள், கடையில் கேட்டிருக்கிறார்கள், ஒரு கூட்டத்தில் மேடையிலேயே கேட்டிருக்கிறார்கள். தொட்டில்காரர்கள் கிறிஸ்தவர்கள்தானே, பெயர் வைக்காதவர்கள் முஸ்லிம்கள்தானே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டிப் பார்க்கிறார்கள். ஒட்டாவிட்டால், கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். இந்தப் பயத்தின் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. 1997 நவம்பரில் கலவரத்தையும் 1998 பிப்ரவரியில் குண்டுவெடிப்பையும் பார்த்த நகரம் கோவை. மதம் என்ற பேச்சு எடுத்தாலே வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திய காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைச் சுற்றி என்ன நடந்தது, எழுதியவர் எப்படி எழுத்தையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை, பிடிக்காத புத்தகத்தை வாசகர் தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் பயம் முழுக்கப் போய்விடவில்லை. எழுதுகிறவரைவிட விற்கிறவருக்கும் கூட்டம் நடத்துகிறவருக்கும்தான் அது அதிகம்.

ஆகவே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நிஜ மதம் ஒன்றைத் திட்டுவதற்குக் கற்பனை மதத்தை முகமூடியாகப் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. திட்ட வேண்டுமென்றால் பெயர் சொல்லித் திட்டும் துணிச்சல் வேண்டும். முகமூடி போட்டுத் திட்டினால் கதையும் கெட்டுப் போகும். ஏனென்றால் அந்த மதத்துக்குச் சொந்தமாக ஓர் உயிர் இருக்காது. என் கிணற்றுக்காரர்கள் கிணற்றுக்காரர்கள்தான். அவர்கள் எதற்கு அழுகிறார்கள், எதைத் தின்ன மாட்டார்கள், யாருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், திருடன் வந்து சத்தியம் செய்தால் எதன் மேல் கை வைக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் எழுத்தில் எங்காவது முகமூடி தெரிந்தால், கூட்டத்தில் எழுந்து நின்று என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் உங்களிடம் வருகிறேன்.

இரண்டாவது பேச்சு: இருக்கிற மதங்கள் போதாதா, புதிதாக வேறு எதற்கு? பகுத்தறிவாளர்களும் இதைக் கேட்கிறார்கள், பக்தர்களும் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். நிஜ மதம் ஒன்றைப் பற்றி ஒரு நாவல் வந்தால், அந்த மதத்தில் பிறந்தவர் வீட்டுக்காரராகவும் மற்றவர்கள் விருந்தாளிகளாகவும் உட்கார்ந்து படிக்கிறோம். வீட்டுக்காரருக்குக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. விருந்தாளிக்கு நாசூக்காக இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேருமே மனதில் தோன்றியதைச் சொல்வதில்லை. கிணற்று மதத்தில் பிறந்தவர் நம்மில் யாருமே இல்லை. கோட்டைமேட்டு அக்காவுக்கும், கருமத்தம்பட்டி அண்ணனுக்கும், வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்தவருக்கும், கருப்புச் சட்டைத் தோழருக்கும் அது ஒரே அளவுக்குப் புதிது. எல்லோரும் ஒட்டுக்கா ஒரே படியில் இருந்து தொடங்கலாம். அண்ணன் தோண்டியது சரியா, தம்பி காத்திருந்தது சரியா என்று விவாதம் வரும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டில் பார்த்ததைக் கொண்டு பேசுவார்கள். அங்கே யாரும் தன் சாமிக்காக வாதாடவும் வேண்டாம், அடுத்தவர் சாமியைத் தொடவும் வேண்டாம். நம்பிக்கை ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று மட்டும் பேச முடியும். இந்த வகை எழுத்து ஒன்றால்தான் இது கைகூடும் என்று நான் மனதார நம்புகிறேன். இதற்காகத்தான் எழுதவும் செய்கிறேன்.

மூன்றாவதாக, இது வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்கள். இதற்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. மணிமேகலை, ஆணின் துறவு வேடம் தாங்கி வஞ்சி நகரில் போய் அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, பூதவாதி என்று ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்தக் காதைக்குப் பெயரே 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'. கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி, வானில் பறக்கும் வித்தை, பழைய பிறவியின் நினைவு, கூடவே பல சமயங்களின் வாதம். அந்த வஞ்சி நம் கரூர்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. கொடுங்கல்லூர் என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் சரி, பல சமயங்களை ஒரே கதைக்குள் உட்கார வைத்துப் பேச விடும் வேலையைத் தமிழ் என்றைக்கோ தொடங்கிவிட்டது. விஜயமங்கலத்துக்காரர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையில் எந்திர யானை வருகிறது, வானில் உலாவும் வித்தியாதரர்கள் வருகிறார்கள். வித்தியாதரர் உலகத்துக்குப் பாதை போட்டவர் பெருந்துறை பக்கத்துக்காரர் என்றால், நாங்கள் எங்கே போய்க் கடன் வாங்க வேண்டும்?

சரி, வாசகர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

கடையில் வைத்தால் இந்தப் புத்தகம் சிறுவர் அலமாரிக்குப் போய்விடுகிறது. தெய்வம், மாயம் என்று இருந்தால் குழந்தைக் கதை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளை இல்லாத பெண்ணின் தொட்டிலைப் பற்றிய நாவலைப் பத்து வயதுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் வந்து கோபப்படுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். விளம்பரம் செய்ய எங்களிடம் பணம் இல்லை. ஈரோட்டில் ஆகஸ்டு மாதம் நடக்கும் புத்தகத் திருவிழாவும், கோவை கொடிசியாவில் நடக்கும் திருவிழாவும் பெரிய கொடைதான். ஆனால் அந்த நெரிசலில் தெரியாத ஒருவரின் தெரியாத உலகத்தை யாரும் நின்று புரட்டிப் பார்ப்பதில்லை. இந்த வகைக் கதைக்கு ஒரு தொல்லை உண்டு. முதல் இருபது பக்கம் வாசகர் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். புதுப் பெயர்கள், புதுச் சடங்குகள், யார் யாருக்கு உறவு என்று பிடிபட நேரம் ஆகும். தனியாகப் படிப்பவர் அங்கேதான் புத்தகத்தை மூடி வைக்கிறார். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த இருபது பக்கத்தைத் தாண்டிவிடலாம். உடுக்கைப் பாட்டுக்காரர் கதை சொன்னபோதும் நாம் தனியாக உட்கார்ந்து கேட்கவில்லையே.

அதனால் கூட்டத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் முதல் அத்தியாயத்தை வாய்விட்டு வாசியுங்கள். எழுத்தாளர் வாசிக்க வேண்டாம், வட்டத்தில் நன்றாக வாசிக்கும் ஒருவர் வாசிக்கட்டும். எழுத்தாளர் வாசித்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும், எழுத்தில் உள்ள ஓட்டை காதில் விழாது. பிறகு கேள்விகளைத் திறந்து விடுங்கள். "இது எந்த மதம்?" என்ற கேள்வியை மட்டும் அன்றைக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அதற்குப் பதிலாக வேறு கேளுங்கள். இந்த மதத்தில் ஏழையாகப் பிறந்தவர் எங்கே உட்காருவார்? பூசாரி யார், அவர் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்? மாதவிலக்கான பெண் என்ன செய்வாள்? தண்டுவம் உடைந்த ஒருவர் கிணற்றடிக்கு எப்படி வருவார்? நம்பிக்கை போன ஒருவர் ஊரிலேயே இருக்க முடியுமா, கிளம்ப வேண்டுமா? நோம்பிக்கு யார் செலவு செய்கிறார்கள், மிச்சம் யாருக்குப் போகிறது? இப்படிக் கேட்டால் எழுத்தாளர் யோசித்திருக்கிறாரா, வெறும் அலங்காரத்துக்குச் சாமி வைத்திருக்கிறாரா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாரியம்மன் நோம்பியில் முறைமை, வரி, மரியாதை என்று எதற்கெல்லாம் சண்டை வரும் என்று தெரிந்தவர்கள் நீங்கள். உங்களைவிடக் கறாராக இதைக் கேட்கக்கூடியவர்கள் யார் இருக்கிறார்கள்?

அந்தக் கூட்டத்துக்கு யார் வர வேண்டும் என்பதில்தான் எனக்குப் பெரிய ஆசை. வழக்கமாக வருகிறவர்களோடு, இதுவரை வாசகர் வட்டத்தின் வாசலே மிதிக்காதவர்களையும் கூப்பிடுங்கள். உடுக்கை அடிக்கும் ஒரு பெரியவர். ஊர்க் கோயில் பூசாரி ஒருவர். மதரஸாவில் பாடம் சொல்லித் தரும் ஒருவர். ஞாயிறு பூசை முடிந்து வரும் ஆசிரியை. பெரியார் படிப்பகத்தில் இருந்து ஒருவர். சேரிப் பக்கத்து மதுரைவீரன் கோயிலில் படையல் போடும் அண்ணன் ஒருவரை மறந்துவிடாதீர்கள். ஊருக்குள் எந்தச் சாமியின் தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று இருந்த கதையெல்லாம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கற்பனை மதத்தில் அந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் கண்ணில்தான் முதலில் படும். இவர்களில் பலர் நாவலே படிக்காதவர்களாக இருக்கலாம். முதல் அத்தியாயத்தைக் காதால் கேட்டால் போதும். அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் வைக்க முடிந்தால், எங்களைப் போன்றவர்களின் எழுத்தே வேறு மாதிரி ஆகிவிடும்.

இளைஞர்களை மறக்க முடியாது. ஜப்பானிய அனிமே தொடர்களை இரவு முழுக்கப் பார்க்கிற, ஆங்கிலத்தில் தடிமனான ஃபேண்டஸி நாவல்களைப் படிக்கிற பிள்ளைகள் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். அங்கே வரும் தெய்வங்களின் வரலாறு அவர்களுக்கு மனப்பாடம். தமிழில் அப்படி ஒன்று இருக்கும் என்றே அவர்கள் நினைக்கவில்லை. அவர்கள் தமிழை வெறுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குப் பிடித்ததைத் தமிழில் யாரும் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கல்லூரித் தமிழ்த் துறைக்கும் நூலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினால் ஒரு பஸ் நிறைய வருவார்கள். வந்து, நமக்குத் தெரியாத கேள்விகளைக் கேட்பார்கள். இந்த மந்திரத்துக்கு விலை என்ன, இந்தத் தெய்வத்தின் சக்திக்கு எல்லை எது என்று அவர்கள் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அசந்துபோகும்படி இருக்கும்.

நூல்மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும், விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கும் உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? அவர்கள் போனில் கேட்கிறார்கள். கூட்டத்தில் வாசித்த அத்தியாயத்தை ஒலிப்பதிவு செய்து பகிர அனுமதி கொடுங்கள். எழுத்தாளர் தரப்பில் நாங்கள் சம்மதம் எழுதித் தருகிறோம்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள், நூலகர்களிடம். மிகுபுனைவை சிறுவர் நூலோடு சேர்க்காமல், பெரியவர்களுக்கான புனைவுப் பகுதியிலேயே ஒரு தட்டு கொடுத்து, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். தனி அலமாரி கேட்கவில்லை, ஒரு தட்டு போதும். வீட்டு வரியோடு நூலக வரி கட்டும் எல்லோருக்கும் சேர்ந்ததுதானே அந்த நூலகம். தேடி வருகிறவர் எங்கே தேடுவது என்று தெரியாமல் திரும்பிப் போகக் கூடாது.

பெரியவர்கள் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கும். வாசகர் வட்டம் என்றால் சமூகப் பிரச்சினையைப் பேசும் நாவல், வரலாறு, கட்டுரை என்று ஒரு தரம் வைத்திருக்கிறோம், அங்கே மாயக் கதையா என்று. உழவும் தறியும் சாயக் கழிவும் பேசும் நாவல்களை நானும் மதித்துப் படித்து வளர்ந்தவன். நொய்யலைப் பற்றி எழுதியவர்கள் எழுதியதால்தான் நொய்யலைப் பற்றிப் பேச முடிந்தது. வருடத்தில் ஒரு கூட்டத்துக்கு மேல் நான் கேட்கவில்லை. அதே அளவு கறாராக எங்களையும் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள். படிக்காமலேயே ஒதுக்கிவிடாதீர்கள்.

என் நாவலின் முதல் அத்தியாயத்தை அச்செடுத்து, கேட்கும் வட்டங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புகிறேன். திருப்பூர்ப் பெண்ணும் கோவைப் பையனும் அவரவர் அத்தியாயத்தைத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றில் எது உங்கள் வட்டத்துக்குப் பொருந்தும் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வெவ்வேறு மதத்தில் பிறந்தவர்கள் வந்து உட்காரும்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்து, நூலகத்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். பொள்ளாச்சியாக இருந்தாலும் சரி, நாமக்கல்லாக இருந்தாலும் சரி, பஸ் ஏறி வந்துவிடுகிறோம். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.

அன்புடன்,
கோபிப் பக்கத்து மிகுபுனைவு எழுத்தாளன்